நாலு பேனலுக்கும் ஒரே நிழல்

பழனிசெட்டிபட்டி
ஆகஸ்ட் 12, 2024

அன்புத் தங்கச்சி ஜெசிந்தாவுக்கு,

முதல் மானிட்டர் இன்று காலை வந்து சேர்ந்தது. ஆதாரம்: கடைக்காரர் முத்துக்குமரனே கொண்டுவந்து என் மேஜையில் வைத்து, ஒயரைச் சொருகிக் காட்டிவிட்டுப் போனார். நான் நலம். அந்த மலைப்பனியில் நீ இருமல் இல்லாமல் இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன்.

என்ன மானிட்டர் என்று கேட்பாய். நாளிதழிலிருந்து ஓய்வு பெற்றபின் மதுரைக் கம்ப்யூட்டர் வியாபாரிகளின் மாத இதழுக்கு அவ்வப்போது எழுதுகிறேன் அல்லவா? அதன் ஆசிரியர் சுரேஷ்கண்ணன் ஒரு வேலை கொடுத்திருக்கிறார். கேம் ஆடுகிறவர்கள் வாங்கும் மானிட்டர்களில் நாலு வகைப் பேனல் உண்டாம்: டி.என்., ஐ.பி.எஸ்., வி.ஏ., ஓ.எல்.ஈ.டி. எது எவ்வளவு வேகம் என்று ஒப்பிட்டு எழுத வேண்டும். நான் கேம் ஆடாதவன் என்றேன். "அதுக்குத்தாண்ணே உங்களக் கேக்குறது. ஆடுறவனுக்கு ஒரு கட்சி இருக்கும். நீங்க கண்ணால பாத்தத மட்டுந்தான் எழுதுவீக" என்றார். முத்துக்குமரன் தன் கடையிலிருந்து ஒவ்வொன்றாக இரவல் தருகிறார்.

விஷயம் இதுதான். திரையிலுள்ள ஒரு புள்ளி ஒரு சாம்பல் நிறத்திலிருந்து இன்னொரு சாம்பலுக்கு மாறக் கொஞ்சம் நேரம் எடுக்கும். அதை மில்லி செகண்டில் சொல்கிறார்கள். மாறத் தாமதமானால் ஓடுகிற உருவத்துக்குப் பின்னால் நிழல் இழுக்கும். சோதனைக்கென்று ஒரு பறக்கும் தட்டுப் படம் திரையில் இடமிருந்து வலமாக ஓடிக்கொண்டே இருக்கிறது. இன்று பார்த்தது டி.என். பேனல். பெட்டியில் ஒரு மில்லி செகண்ட் என்று போட்டிருக்கிறது. தட்டுக்குப் பின்னால் மூன்று நிழல் தட்டுகள் தெளிவாக வந்தன.

உன் அண்ணி இருந்தால் "இதப் பாக்குறதுக்குமா சம்பளம் குடுக்குறாக" என்று கேட்டிருப்பாள். இப்போது தூக்கம் நன்றாக வருகிறது. நீ கவலைப்பட வேண்டாம்.

அண்ணன்,
அமிர்தராஜ்


மேகமலை
ஆகஸ்ட் 27

அன்புள்ள அண்ணனுக்கு,

ஜெசிந்தா எழுதுவது. இருமல் இல்லை. அட்டைக்கடி மட்டும் உண்டு, அது எல்லோருக்கும் உள்ளது. உங்கள் கால் வீக்கம் எப்படி இருக்கிறது? தங்கச்சிக்கு எழுதும் கடிதத்தில் நலமா என்று கேட்பதற்கு முன்னால் செய்தியும் ஆதாரமும் போடுகிற ஆள் தேனி மாவட்டத்தில் நீங்கள் ஒருவர்தான்.

சின்னமனூர் பஸ் கண்டக்டர் மலைச்சாமிதான் கடிதத்தை ஆஸ்பத்திரிக்கே கொண்டுவந்து கொடுத்தார். டவர் நிற்காத இந்த எஸ்டேட்டில் அவர்தான் எங்களுக்குப் போன். உறையைத் தடவிப் பார்த்துவிட்டு, "என்னக்கா, இம்புட்டுக் கனம்? சொத்துப் பத்திரமா?" என்று கேட்டார். மானிட்டர் என்றேன். நம்பவில்லை.

ஜூலையில் அண்ணியின் வருடத் திருப்பலிக்கு வந்தபோது தூக்கமே இல்லை என்றீர்கள். முகமும் அப்படித்தான் இருந்தது. இப்போது நன்றாக வருகிறது என்கிறீர்கள். எப்படி வந்தது? இன்னொன்றும் கேட்க வேண்டும். நீங்கள் எழுதுவதை அண்ணி படித்துப் பார்த்த பிறகுதான் அலுவலகத்துக்குப் போகும். இப்போது யார் பார்க்கிறார்கள்?

நான் ஒரே நர்ஸ் என்பதால் பதில் ஆள் வராமல் கீழே இறங்க முடியவில்லை. நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

தங்கை,
ஜெசிந்தா


பழனிசெட்டிபட்டி
செப்டம்பர் 11

அன்புத் தங்கச்சிக்கு,

ஐ.பி.எஸ். பேனல் சோதனை முடிந்தது. ஆதாரம் என் குறிப்புகள். கால் வீக்கம் வடிந்துவிட்டது. அட்டைக்கு உப்பை விடப் புகையிலைத் தண்ணீர் நல்லது என்று வருசநாட்டுக்காரர் ஒருவர் சொன்னார். உறுதிசெய்யப்படாத தகவல்.

இந்தப் பேனலில் நிறம் அழகு. டி.என். திரையைப் பக்கவாட்டில் நின்று பார்த்தால் வெளுத்துவிடும், இது அப்படியே நிற்கிறது. விலையும் அதற்கேற்ற மாதிரிதான். ஆனால் நிழல் விஷயத்தில் மாற்றம் இல்லை. அதே மூன்று தட்டுகள், அதே இடைவெளி. முத்துக்குமரனிடம் சொன்னேன். "அம்புட்டு இழுக்காதுண்ணே" என்றார். கடைக்காரர் அப்படித்தான் சொல்வார்.

எழுதியதை யார் பார்க்கிறார்கள் என்று கேட்டிருந்தாய். சுரேஷ்கண்ணன் இருக்கிறார். அவர் எழுத்துப் பிழை பார்ப்பார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து என் செய்திக்கு மறுப்பு வந்ததில்லை என்பது உனக்குத் தெரியும். இனியும் வராது.

மாதா உன்னைக் காக்கட்டும்.

அண்ணன்


மேகமலை
செப்டம்பர் 25

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே மழை விட்டு விட்டுப் பெய்கிறது. நான் நலம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும்.

கால் வீக்கம் போக நான் இரண்டு கேள்வி கேட்டிருந்தேன். ஒன்றுக்குத்தான் பதில் வந்தது. இதே வேலையை ஒரு அதிகாரி உங்களிடம் செய்திருந்தால் அதையும் செய்தியில் போட்டிருப்பீர்கள். தூக்கத்துக்கு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா?

மூன்று நிழல் என்று எழுதியதைப் படித்துவிட்டு, ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டரில் மவுஸை வேகமாக அசைத்துப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் பனி மூடிவிடுகிறது. எதிர் வரிசை வீடு தெரியாது. அப்போது உங்கள் கடிதங்களைத் திரும்ப எடுத்துப் படிப்பேன். கொஞ்சம் பெரிதாகவே எழுதுங்கள், மலைச்சாமி என்ன சொன்னாலும் சரி.

தங்கை,
ஜெசிந்தா


பழனிசெட்டிபட்டி
அக்டோபர் 16

அன்புத் தங்கச்சிக்கு,

வி.ஏ. பேனலில் நிழல் மூன்று. முந்தைய இரண்டிலும் மூன்று. ஆதாரம்: நான், வெவ்வேறு நாட்களில், வெவ்வேறு வெளிச்சத்தில். உன் உடம்பு எப்படி? மழையில் பழைய காலணியோடு அலையாதே. கம்பத்திலிருந்து ஒரு ஜோடி வாங்கி மலைச்சாமியிடம் கொடுத்தனுப்புகிறேன்.

இந்த வகையில் கறுப்பு நல்ல கறுப்பு. ஆனால் கறுப்பிலிருந்து சாம்பலுக்கு வரத்தான் ரொம்பத் தாமதிக்கும், இருட்டுக் காட்சியில் மை பூசியது போல இழுக்கும் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். என் கண்ணுக்கு அப்படித் தனியாக எதுவும் இல்லை. வெளிச்சப் பின்னணியிலும் மூன்று, இருட்டுப் பின்னணியிலும் மூன்று. இதன் பொருள் என்ன? வகைக்கு வகை வேகம் மாறுகிறது என்பது விற்பனைக்காகச் சொல்லும் பேச்சு. ஒப்பீடு எழுத உட்கார்ந்தேன், செய்தியே கிடைத்திருக்கிறது. ரொம்ப நாளைக்குப் பிறகு காலையில் எழுந்ததும் மேஜைக்குப் போக வேண்டும் போலிருக்கிறது.

பிரஷர் மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறேன். சர்க்கரை அளவாக இருக்கிறது.

அண்ணன்


பழனிசெட்டிபட்டி
நவம்பர் 4

அன்புத் தங்கச்சிக்கு,

ஓ.எல்.ஈ.டி. பேனலிலும் மூன்று நிழல். இதைப் பார்த்த பிறகு சந்தேகத்துக்கு இடமில்லை. பெட்டியில் ஒரு மில்லி செகண்டில் நூறில் மூன்று பங்கு என்று அச்சிட்டிருக்கிறார்கள். அது உண்மையானால் நிழலே விழக்கூடாது. ஆனால் என் கண் முன்னால் விழுகிறது. "நாலு பேனலுக்கும் ஒரே நிழல்" என்று தலைப்பு வைத்துவிட்டேன். இந்த ஓ.எல்.ஈ.டி.யைத் தயாரித்த கம்பெனியின் பெயரோடு வரும். பதினைந்தாம் தேதிக்குள் கட்டுரை மதுரைக்குப் போக வேண்டும்.

காலணி அளவு சரியாக இருந்ததா? சளி பிடிக்கவில்லையே?

கல்லறைத் திருநாளுக்கு உன் அண்ணி வியாகுலத்தின் கல்லறைக்குப் போய்வந்தேன். வெள்ளை அடித்து, செவ்வந்தி மாலை போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றினேன். எல்லாக் குடும்பமும் கூட்டமாக வந்திருந்தது. வியாகுலத்துக்கு நான் ஒருவன். காற்று இருந்தது. ஆடுகிற சுடர் ஒவ்வொன்றுக்கும் பின்னால் வரிசையாகச் சுடர்கள் நின்றன. கண்ணில் தண்ணீர் இருந்ததால் இருக்கும். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

அண்ணன்


மேகமலை
நவம்பர் 8

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். கட்டுரையை அனுப்பாதீர்கள்.

நாலும் நாலு விதம் என்று நீங்கள்தான் எழுதியிருக்கிறீர்கள். ஒன்று வெளுக்கும், ஒன்றில் நிறம் நிற்கும், ஒன்றில் கறுப்பு ஆழம். மற்ற எல்லாவற்றிலும் வேறுபடுகிற நாலு பொருள் நிழலில் மட்டும் ஒன்றாக இருக்குமா? அப்படி இருந்தால் அந்த நிழல் நாலுக்கும் பொதுவான ஏதோ ஒன்றில் இருக்கிறது. பொதுவானவை மேஜை, கம்ப்யூட்டர், கரண்ட், நீங்கள். கல்லறையில் எரிந்த மெழுகுவர்த்திக்கு மேஜையும் கம்ப்யூட்டரும் கரண்டும் கிடையாது.

ஒருவர் சொன்னால் அது பேச்சு, இரண்டு பேர் சொன்னால்தான் செய்தி என்று வீட்டுக்கு வந்த நிருபர்களிடமெல்லாம் சொல்வீர்கள். இதில் இரண்டாவது ஆள் யார்? யாரையாவது கூப்பிட்டு அதே நாற்காலியில் உட்காரவைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டு முனீஸ்வரியைக் கூப்பிடுங்கள். மாத்திரை பற்றியும் எழுதுங்கள். நான் கேட்டது பிரஷர் மாத்திரையை அல்ல.

இன்று மாலை பஸ்ஸில் கொடுத்துவிடுகிறேன்.

ஜெசிந்தா

பி.கு. நவம்பர் 14. அன்று மாலையிலிருந்தே பஸ் வரவில்லை. மலைச்சாலையில் மண் சரிந்து கிடக்கிறது. கடிதம் என் மேஜையிலேயே இருக்கிறது. நாளை பதினைந்து. வயர்லெஸ்ஸில் ஒரு வரி சொல்லச் சொல்லி எஸ்டேட் மேனேஜரிடம் கேட்டேன். "அவசரக் கேஸா சிஸ்டர்?" என்றார். மானிட்டர் என்று சொல்ல வாய் வரவில்லை.


பழனிசெட்டிபட்டி
நவம்பர் 29

அன்புத் தங்கச்சிக்கு,

கட்டுரை வெளிவந்துவிட்டது. ஆதாரமாக இதழையே இதனுடன் வைத்திருக்கிறேன். பாதை அடைபட்டிருப்பது தெரியும். திறந்ததும் முதல் பஸ்ஸில் இது வரும். அரிசி, மருந்தெல்லாம் இருப்பு இருக்கிறதா?

சுரேஷ்கண்ணன் போன் செய்து பாராட்டினார். வேறு யாரும் கூப்பிடவில்லை. ஓ.எல்.ஈ.டி.க்கு முன்பணம் கொடுத்திருந்த இரண்டு பேர் முத்துக்குமரனிடம் இதழைக் காட்டித் திருப்பி வாங்கிப் போனார்களாம். நேற்று டீக்கடையில் பக்கத்தில்தான் நின்றார். பேசவில்லை. டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். உண்மையை எழுதினால் கொஞ்ச நாள் அப்படித்தான் இருக்கும்.

சோதனை முடிந்துவிட்டது. ஆனாலும் காலையில் மானிட்டரைப் போட்டு அந்தத் தட்டை ஓடவிடுகிறேன். வீட்டில் ஏதாவது அசைந்துகொண்டிருந்தால் தேவலை என்று தோன்றுகிறது.

அண்ணன்


பழனிசெட்டிபட்டி
டிசம்பர் 5

அன்புத் தங்கச்சிக்கு,

என் கட்டுரை தவறு. ஆதாரம்: முனீஸ்வரி.

உன் நவம்பர் கடிதத்தை மலைச்சாமி நேற்றுச் சேர்த்தார். நீ நலமாக இருப்பதாகவும், இளைத்துவிட்டதாகவும் சொன்னார். இரண்டையும் குறித்துக்கொண்டேன்.

படித்ததும் கோபம் வந்தது. இரண்டாம் தடவை படித்த பிறகு முனீஸ்வரியைக் கூப்பிட்டேன். வாசலில் நின்றே பேசிப் பழகியவள். உன் அண்ணியின் அடக்கத்துக்குப் பிறகு வீட்டுக்குள் வந்தது இதுதான் முதல் தடவை. தைத்துக்கொண்டிருந்த ஜாக்கெட்டும் கையுமாக வந்தாள். நாற்காலியில் உட்காரவைத்து ஓ.எல்.ஈ.டி.யில் தட்டை ஓடவிட்டேன். பின்னால் எத்தனை வருகிறது என்று கேட்டேன்.

"பின்னாடி ஒண்ணும் வரலையேண்ணே. ஒண்ணுதான ஓடுது" என்றாள்.

வி.ஏ. மானிட்டரை முத்துக்குமரன் இன்னும் எடுத்துப் போகவில்லை. அதையும் போட்டேன். கொஞ்ச நேரம் பார்த்தாள். "இதுல கறுப்புல போறப்ப மட்டும் லேசா மசி இழுவுன மாதிரி இருக்கு. அது நல்ல டிவி, இது மட்டம்" என்று இரண்டையும் மாறி மாறிக் கையால் காட்டினாள். எனக்கு இரண்டுமே மூன்று நிழலோடுதான் ஓடின. காட்டிய அவள் கைக்குப் பின்னாலும் மூன்று கைகள் போயின.

"ஏண்ணே, உங்களுக்கு வேற மாதிரியாவா தெரியுது?" என்றாள்.

இல்லை என்றேன். காபி போட்டுத் தரவா என்று கேட்டேன். அடுப்பில் குழம்பு இருக்கிறது என்று போய்விட்டாள்.

சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் நின்று பார்த்தேன். பஸ்கள், ஆட்டோக்கள், ஓடிப்போய் ஏறுகிறவர்கள், எல்லாவற்றுக்கும் இருக்கிறது. எப்போதிலிருந்து என்று தெரியவில்லை. கண்ணாடி மாற்ற வேண்டிய நேரம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அண்ணன்


மேகமலை
டிசம்பர் 9

அன்புள்ள அண்ணனுக்கு,

கால் வீக்கம் பற்றி இப்போது கேட்கவில்லை. நான்காவது தடவையாகக் கேட்கிறேன். என்ன மாத்திரை? யார் கொடுத்தது? எப்போதிலிருந்து?

சில மாத்திரைகள் அசைகிற பொருளுக்கு இப்படி வால் இழுக்க வைக்கும். நான் நர்ஸ், எனக்குத் தெரியும். வேறு காரணங்களும் உண்டு. அவற்றை எழுதக் கை வரவில்லை. நீங்களாக மாத்திரையை நிறுத்தக்கூடாது. மதுரைக்குப் போய்க் கண்ணையும், பிறகு நரம்பு டாக்டரையும் பாருங்கள். தனியாகப் போக வேண்டாம். முத்துக்குமரன் பேசாவிட்டாலும் கூப்பிட்டால் வருவார்.

மாத்திரை சாப்பிடுவதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? இங்கே பனி இறங்கினால் பேச ஆள் இல்லை என்று நானும்தான் உங்களுக்கு வெறும் வானிலை எழுதிக்கொண்டிருந்தேன்.

பதில் நர்ஸ் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன். கிறிஸ்துமஸுக்கு முன் கேட்டிருக்கிறேன். ஆர்டர் வருமா என்பது 21-ஆம் தேதி சனிக்கிழமை தெரியும். கிடைத்தால் செவ்வாய் காலை முதல் பஸ்.

தங்கை,
ஜெசிந்தா


பழனிசெட்டிபட்டி
டிசம்பர் 17

அன்புத் தங்கச்சிக்கு,

என் இரண்டு கண்களும் நன்றாக இருக்கின்றன. ஆதாரம்: மதுரைக் கண் டாக்டர், எழுத்து மூலமாக. மானிட்டர்களும் நன்றாக இருக்கின்றன. ஆதாரம்: முத்துக்குமரன் போனில் எடுத்து மெதுவாக ஓடவிட்டுக் காட்டிய வீடியோ, முனீஸ்வரியின் கண். பிழை இவை இரண்டுக்கும் அப்பால் இருக்கிறது. நீ நலமாக, சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறாய் என்று நம்புகிறேன். மலைச்சாமியின் இரண்டாவது தகவல் மனதில் நிற்கிறது.

உன் கேள்விக்குப் பதில். வருடத் திருப்பலி முடிந்து நீ மலை ஏறிய மறுநாள் தேனியில் ஒரு டாக்டரைப் பார்த்தேன். தூக்கம் இல்லை என்றேன். அவர் வேறு சில கேள்விகள் கேட்டார். நாள் முழுக்க யாரோடு பேசுவீர்கள் என்பது ஒன்று. தூக்கத்துக்கும் மனதுக்கும் சேர்த்து ஒரு மாத்திரை கொடுத்தார். ஆகஸ்டில் அளவைக் கூட்டினார். உன்னிடம் சொன்னால் நீ இறங்கி வந்துவிடுவாய் என்று சொல்லவில்லை. அதுதான் அதன் முழு விவரம்.

முத்துக்குமரன்தான் மதுரைக்கு வந்தார். கடைக்குப் போய் நடந்ததைச் சொன்னபோது அவர் வியாபாரத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. "மொதல்ல உக்காருங்கண்ணே. எப்பப் போகணும்?" என்று மட்டும் கேட்டார். நரம்பு டாக்டர் மாத்திரை அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, இந்த மாத்திரை சிலருக்கு இப்படிச் செய்யும், கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து வேறு தருகிறேன், காரணம் இதுவானால் நிழல் தானாகப் போகும் என்றார். இதுதான் என்று அவரும் உறுதியாகச் சொல்லவில்லை. நேற்று மூளைக்கு ஸ்கேன் எடுத்தார்கள்.

மறுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன், என் செய்திக்கு நானே. அந்த ஓ.எல்.ஈ.டி. மானிட்டரில் குறை இல்லை, பார்த்த நிருபரின் பார்வையில் குறை இருந்தது, வேறு யாரையும் பார்க்கச் சொல்லாமல் எழுதியது தவறு என்று மூன்று வாக்கியம். சுரேஷ்கண்ணனுக்குப் பிடிக்கவில்லை. "தொழில்நுட்பப் பிழைன்னு போட்டு முடிச்சிருவோம்ணே, உங்க பேரு எதுக்குக் கெடணும்" என்கிறார். கட்டுரையில் என் பெயர் இருந்தது, மறுப்பிலும் இருக்கட்டும் என்றேன். இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

இன்று தெரியாதவை: ஸ்கேன் முடிவு, வியாழக்கிழமை வரும். மறுப்பு எந்த வாசகத்தில் அச்சாகும் என்பது, இதழ் முடிக்கும் 23-ஆம் தேதி தெரியும். உன் ஆர்டர், சனிக்கிழமை. கிடைத்தால் கடிதம் வேண்டாம், மலைச்சாமியிடம் ஒரு வார்த்தை போதும். செவ்வாய் காலை சின்னமனூர் பஸ் ஸ்டாண்டில் நிற்பேன். புது மாத்திரை அதற்குள் வேலை செய்திருக்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நீ இறங்கி நடந்து வந்தால் உனக்குப் பின்னால் இன்னும் மூன்று ஜெசிந்தாக்கள் வருவார்கள். வரட்டும். வீட்டில் இடம் இருக்கிறது.

அண்ணன்,
அமிர்தராஜ்